கல்கத்தாவின் கால்பந்துச் சொற்போர்

பண்டைத் தமிழகத்தில் சமயவாதிகள் மணலைக் குவித்து அதில் நாவற்கிளை ஒன்றை நட்டு வைப்பர் என்பதையும், வாதுக்கு உடன்படுவோர் அக்கிளையை வீழ்த்திவிட்டு எதிரே வந்து நிற்பர் என்பதையும் தமிழ் பயில்வோர் அறிவர். வாதுக்கு அழைப்பவர் இன்னார், ஏற்பவர் இன்னார் என்பது ஊரறியத் தெரிந்துவிடும். மறைந்து நின்று கல்லெறிதற்கு அங்கே இடமில்லை. அத்தகைய நாவற்கிளைகள் இன்றும் ஒரு நகரத்தில் ஆண்டுதோறும் நடப்படுகின்றன என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். அந்நகரம் கல்கத்தா, 2001ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா. நடப்படுபவை கிளைகள் அல்ல, கொடிகள். ஒன்று பச்சையும் அரக்குச் சிவப்பும் கலந்தது. மற்றொன்று செம்மையும் பொன்மஞ்சளும் கலந்தது. வரும் பருவத்தில் எந்த அணி வெல்லும் என்பதே வாதம்.

பருவம் தொடங்குவதற்கு முன்னர், ஒரு பந்தும் உதைக்கப்படாத நாட்களில் நடைபெறும் இச்சொற்போரை வீண் பேச்சென்று ஒதுக்குவோர் உளர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்று இப்போது கருதுகின்றோம்.

வாதிடுவோர் யாவர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தோன்றியது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று, ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடிய அவ்வணி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்னும் ஆங்கிலப் படையணியை 2-1 என வென்று ஐ.எப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. அக்கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி அதுவே. ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் பிறந்தது. அதன் பிறப்புக்கே ஒரு மனக்கசப்புதான் காரணம். ஜோராபகான் என்னும் அணி, மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டது. அவர் கிழக்கு வங்கத்தார் என்பதால்தான் புறக்கணிக்கப்பட்டார் எனச் சினந்து, அவ்வணியின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி விலகி வந்து புதுக்கழகம் கண்டார். 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின்னர் வீடு வாசல் இழந்து வந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு அக்கழகமே ஊராயிற்று.

மேற்கு வங்கத்தாரைக் 'கோட்டி' என்றும், கிழக்கிலிருந்து வந்தாரைப் 'பாங்கால்' என்றும் வங்காளிகள் அழைப்பர். நம் நெல்லைச் சீமையில் கோட்டி என்னும் சொல்லுக்கு வேறு பொருளுண்டு. கால்பந்து ரசிகர் திறத்தில் அப்பொருளும் முற்றிலும் பொருந்தாதென்று சொல்வதற்கில்லை! மோகன் பகான் வென்றால் இறால், ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன் என்பது அந்நகரத்து அடுக்களை வழக்கு.

2024ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் கருத்தரங்கொன்றின் பொருட்டுக் கொல்கத்தா சென்றிருந்தோம். மாலையில், எஸ்பிளனேடுக்கு அருகே, கழகங்களின் கூடாரங்கள் நிற்கும் பெருவெளியை நோக்கிய தேநீர்க் கடை ஒன்றில், அவ்வூரில் நெடுநாள் வாழும் தமிழ் நண்பர் ஒருவருடன் அமர்ந்திருந்தோம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பக்கத்துப் பலகையில் இருவர். ஒருவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மோகன் பகானார். மற்றவர் சிறு அச்சகம் நடத்துபவர். அவர் தந்தையார் பரிசாலிலிருந்து வந்தவர். எனவே ஈஸ்ட் பெங்காலார். இருவரும் ஒருவரையொருவர் 'தாதா' என்றே விளித்தனர். குரல் மட்டும் தெருவின் மறுகோடி வரை கேட்டது. நண்பர் எமக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

அச்சகத்தார் தொடங்கினார். ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்று பன்னிரண்டு ஆண்டுத் தேசியப் பட்டப் பஞ்சத்தைத் தீர்த்த பயிற்றுநர் கார்லஸ் குவாட்ராட் நீடிக்கின்றார். சென்ற பருவத்தில் இந்தியன் சூப்பர் லீகில் 13 கோல் அடித்து முதலிடம் பெற்ற டிமிட்ரியோஸ் டயமண்டகோஸ் கேரளத்திலிருந்து வந்துவிட்டார். பந்தை எடுத்துக் கொடுப்பதில் வல்ல மாதி தலாலும் உடன் வந்துள்ளார். இனித் தடை யாது என்பது அவர் வாதம். வங்கியார் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர், 'கோல் அடிப்போரை எண்ணினீர்கள், தாதா. வாங்கும் கோலைத் தடுப்போரை எண்ணினீர்களா?' என்றார். அதன்பின் ஏறத்தாழக் கால் மணி நேரம் அவர் தம் அணியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஈஸ்ட் பெங்காலின் பின்வரிசையில் யார் யார் எத்தகைய ஆட்டத்தில் எங்கே தடுமாறினர் என்பதையே விரல் மடக்கிச் சொன்னார். அச்சகத்தாரும் அதற்கு ஈடு கொடுத்தார். லீகில் முதலிடத்துக்கான ஷீல்டைப் பெற்ற மோகன் பகான், மே 4 அன்று தன் சொந்த ஊரிலேயே இறுதியாட்டத்தில் மும்பையிடம் 1-3 எனத் தோற்றதை நினைவூட்டினார். பயிற்றுநர் ஹபாஸ் போய்விட்டார். புதிதாக வந்த மொலினாவுக்கு அணி பழக எத்தனை திங்கள் ஆகும்? ஆஸ்திரேலியர் மக்லாரன் வந்துள்ளார், உண்மை. அவருக்குப் பந்தைக் கொண்டு சேர்ப்பவர் யார்? இவ்வாறு வினாக்கள் அடுக்கப்பட்டன. தடுப்பாட்டக்காரர் அன்வர் அலி எந்த அணிக்கு உரியவர் என்னும் பிணக்கு வேறு அப்போது மூண்டிருந்தது. பின்னர் அது நீதிமன்றம் வரை சென்றது. அதுபற்றிப் பேச்செழுந்தபோது இருவர் கையிலிருந்த மண்குவளைகளும் நடுங்கின.

தேநீர் ஆற்றியவர் பீகாரிலிருந்து வந்த ஓர் இளைஞர். வாய் திறவாமல் இருந்தவர், இறுதியில், 'இவ்வாண்டு நாங்களும் வருகிறோம், மறந்துவிடாதீர்கள்' என்றார். அவர் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியினர். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீகை வென்றதும், 1934ஆம் ஆண்டின் வெற்றியால் அந்த லீகை வென்ற முதல் இந்திய அணி என்னும் பெருமையைப் பெற்றதும் அக்கழகமே. 2024இல் ஐ-லீகை வென்று சூப்பர் லீகிற்கு முதன்முறையாகத் தகுதி பெற்றிருந்தது. மூத்தவர் இருவரும் அவரை நோக்கிச் சிரித்தனர். அந்தச் சிரிப்பில் சிறிது அலட்சியம் இருந்ததை நாம் கண்டோம். கண்டதை எழுதாமல் விடலாகாது.

எமக்கு வியப்பளித்தது ஒன்று. தம் அணியைப் புகழ்வது எளிது. அதற்கு அன்பு ஒன்றே போதும். எதிரணியின் வரும் பருவத்தை எடைபோட வேண்டுமாயின் அவ்வணியைப் பல ஆண்டுகள் கண்கொட்டாமல் பார்த்திருக்க வேண்டும். மோகன் பகானாரின் மனத்தில் ஈஸ்ட் பெங்காலின் ஆட்டங்கள் தேதியோடு பதிந்திருந்தன; ஈஸ்ட் பெங்காலாரின் மனத்தில் மோகன் பகானின் குறைகள் நிறைகளோடு சேர்ந்தே பதிந்திருந்தன. தம்முள் ஒருவர் இல்லையென்றால் மற்றவருக்குக் கால்பந்தே பாதியாகிவிடும் என்பது அவ்விருவருக்கும் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்கள். அறிவுத் துறைகளில் வாதிடும் நம்மில் எத்தனை பேர் மறுதரப்பாரின் நூலை இத்துணைக் கவனமாகப் படித்துவிட்டு மறுக்க எழுகின்றோம் என்று எண்ணிச் சற்றே நாணினோம்.

ஆயினும் எல்லாப் பேச்சும் இத்தகையது அன்று. ஆட்டத்தை விட்டுப் பிறப்பைப் பேசத் தொடங்கும் இடத்தில் வாதம் முடிந்து வசை தொடங்குகின்றது. அகதி என்றும், வந்தேறி என்றும், கஞ்சன் என்றும், பட்டிக்காடென்றும் வீசப்படும் சொற்களை அங்கு யாவரும் அறிவர். முகமதன் அணியாரை நோக்கி வீசப்படும் சொற்கள் இவற்றினும் கொடியவை. இவ்வசைகள் பண்பற்றவை என்பது ஒருபுறமிருக்க, பொய்யானவை என்பதே எம் வாதம். மோகன் பகானின் மதிலெனப் போற்றப்பட்டு, இன்று மைதானத்தருகே சிலையாக நிற்கும் கோஷ்டா பால் பிறந்தது கிழக்கு வங்கத்துப் பரீத்பூர்ப் பகுதியில். வாழ்நாள் முழுதும் மோகன் பகானை விட்டு அகலாத சூனி கோஸ்வாமி பிறந்தது இன்றைய பங்களாதேசத்துக் கிஷோர்கஞ்சில். 1911ஆம் ஆண்டு வென்ற பதினொருவருள்ளும் கிழக்கைப் பூர்வீகமாகக் கொண்டோர் பலர்.

மறுபுறம், அகதிகளின் கழகம் எனப்பட்ட ஈஸ்ட் பெங்கால், அம்மக்கள் மிகவும் நொந்திருந்த ஆண்டுகளில், 1949 முதல் 1953 வரை, யாரை நம்பி வென்றது? அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ், சாலே ஆகிய ஐவரை. 'பஞ்ச பாண்டவர்' என வங்கம் கொண்டாடிய அவ்வைவருள் ஒருவர்கூட வங்காளி அல்லர், அனைவரும் தென்னாட்டார். பிரிவினையில் ஊரிழந்தவர்கள் தம் மானத்தைப் பெங்களூர்க்காரர் காலிலும் கேரளத்தார் காலிலும் ஒப்படைத்துவிட்டுக் கரையில் நின்று கண்ணீர் மல்கக் கூவினர். நம் காலத்திலும் இது நிகழ்ந்தது. நான்கரை ஆண்டுகளுக்கு மேலாக மோகன் பகானை வெல்ல இயலாதிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு, 2023 ஆகஸ்டு 12 அன்று டூரண்டு கோப்பை ஆட்டத்தில் அந்த ஒற்றை வெற்றிக் கோலை அடித்துத் தந்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். இதனைச் சொன்னபோது அச்சகத்தார் எழுந்து வந்து எம் கையைப் பற்றிக் குலுக்கினார். நாமே அந்தக் கோலை அடித்தாற்போல! வங்கியார் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசை எங்கே கொண்டு விடும் என்பதற்கு 1980ஆம் ஆண்டைக் காட்ட வேண்டியிருக்கின்றது. அப்பருவத்தின் தொடக்கத்தில் ஈஸ்ட் பெங்காலின் முன்னணி ஆட்டக்காரர் பலர் அணி மாறிச் சென்றுவிட்டனர். அக்காலத்தில் அணி மாற்றம் என்பது ஒரு திருவிழா. மாற விரும்பும் ஆட்டக்காரர் ஐ.எப்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். அதுவரை அவரை எதிரணியார் கண்ணில் படாமல் மறைத்து வைப்பதும், வழியில் மடக்கிக் கொண்டுபோவதும் கழக அதிகாரிகளின் தொழில். ரசிகர்கள் அதை ஆட்டத்தினும் ஆர்வமாகப் பார்ப்பர். அவ்வாண்டு ஈஸ்ட் பெங்கால் அழிந்தது என்றே யாவரும் கணித்தனர். பயிற்றுநராகப் பி. கே. பானர்ஜி வந்தார். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய இளைஞர்களான மஜீத் பிஷ்கரும் ஜம்ஷித் நசீரியும் வந்தனர். அழிந்ததெனக் கணிக்கப்பட்ட அணி பெடரேஷன் கோப்பையில் மோகன் பகானுடன் கூட்டு வெற்றியாளராயிற்று. மஜீத்தைப் போல் ஓர் அயல்நாட்டு ஆட்டக்காரர் இந்திய மண்ணில் பின்னர் ஆடியதில்லை என்று சொல்லும் முதியோர் இன்றும் உளர். அதனை மறுக்கும் முதியோர் மோகன் பகானில் உளர்.

அதே பருவத்தில்தான், 1980 ஆகஸ்டு 16 அன்று, ஈடன் கார்டனில் அவ்விரு அணிகளும் லீக் ஆட்டத்தில் மோதின. களத்தில் இரு ஆட்டக்காரரிடையே எழுந்த முரட்டுத்தனம் பார்வையாளர் வரிசைக்குப் பரவிற்று. இரு தரப்பினரும் கலந்து அமர்ந்திருந்த படிவரிசைகளில் கைகலப்பு மூண்டது, கற்கள் பறந்தன, தப்பியோட முனைந்தோர் நெரிசலில் மிதிபட்டனர். பதினாறு பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்க வந்து வீடு திரும்பாத அவர்களின் நினைவாக ஆகஸ்டு 16ஆம் நாளைக் கால்பந்து அன்பர் நாளாகக் கொண்டு, அன்று குருதிக்கொடை நடத்தி வருகின்றனர்.

அந்நாளுக்குப் பின்னர் மைதானங்களில் இரு தரப்பாருக்கும் தனித்தனி வாயில், தனித்தனி இருக்கை, இடையே காவலர் என்றாயிற்று. உயிரைக் காக்க இது வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் பிரித்து அமர்த்தப்பட்ட இரு கூட்டங்கள் ஒன்றையொன்று நோக்கிக் கூச்சலிட முடியுமேயன்றி வாதிட முடியாது. மைதானத்தில் இழந்த கலந்திருத்தல் தேநீர்க் கடைப் பலகையிலும், டிராம் வண்டியிலும், அலுவலக மேசையிலும்தான் எஞ்சியிருக்கின்றது. அதிலும் பருவத்துக்கு முந்திய நாட்களில்தான் அது முழுமையாக இருக்கின்றது. ஏனெனில் அப்போது யாரும் தோற்றிருக்கவில்லை. தம் அணியார் மட்டுமே கூடியிருக்கும் இடத்தில் பேசுவோரின் பேச்சு எவ்வளவு விரைவாக வசையாகின்றது என்பதையும், எதிரணியார் ஒருவர் வந்து அமர்ந்தவுடன் அதே நாவு எவ்வாறு சான்றும் கணக்கும் தேடுகின்றது என்பதையும் எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

கணிப்பவர் சிறுமைப்படுவதும் உண்டு. 1997ஆம் ஆண்டு பெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு முன்னர், மோகன் பகானின் பயிற்றுநர் அமல் தத்தா தம் வைர வடிவ ஆட்ட முறையில் மிகுந்த நம்பிக்கை கொண்டு, எதிரணி ஆட்டக்காரர்களின் பெயரைத் திரித்துக் கேலி செய்தார். ஜூலை 13 அன்று சால்ட் லேக் மைதானத்தில் ஏறத்தாழ 1,31,000 பேர் திரண்டனர். ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. கேலிக்குள்ளானவர்களுள் ஒருவரான பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். அதன் பின்னர் நடந்ததைப் பலர் சொல்வதில்லை: இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் கோவாவின் சல்காவ்கரிடம் தோற்றது. அதைச் சொல்ல மறப்பவர் எந்த அணியார் என்று கேட்க வேண்டுவதில்லை.

மீண்டும் 2024க்கு வருவோம். நாம் ஊர் திரும்பிய சில நாட்களில், ஆகஸ்டு 9 அன்று, ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டார். நகரமே தெருவில் இறங்கியது. ஆகஸ்டு 18 அன்று நடைபெறவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் டூரண்டு ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீக்கப்பட்டது. ஆட்டமில்லாத அம்மாலையில், பூட்டிய சால்ட் லேக் மைதானத்தின் முன் இரு அணி ரசிகர்களும் கொடிகளுடன் வந்து குவிந்தனர். முகமதன் அணியாரும் சேர்ந்தனர். நீதி கேட்டு ஒரே குரலில் முழங்கினர். காவலர் தடியடி நடத்தினர். ஓரணி ரசிகர் மற்றோரணி ரசிகரைத் தோளில் சுமந்து நின்ற படம் நாடெங்கும் பரவியது. 1980ஆம் ஆண்டில் அந்தக் கொடிகளின் கீழ்தான் பதினாறு உயிர்கள் போயின.

இவ்வொற்றுமை ஒரே மாலையில் வானிலிருந்து விழுந்ததென்று நாம் நம்பவில்லை. எதிரணியார் எங்கே அமர்வார், எப்போது வருவார், எதற்குச் சினப்பார் என்பதைப் பல்லாண்டு வாதத்தால் அறிந்தவர்களே, அழைப்பு விடுத்தவுடன் ஒன்றுகூட இயலும். அன்றிரவு எம் நண்பர் தொலைபேசியில் பேசினார். அச்சகத்தார் போயிருந்தாராம், வங்கியார் முழங்கால் வலியால் போகவில்லையாம். போகாததற்காக அவரை அச்சகத்தார் ஒரு வாரம் கேலி செய்தாராம்.

அந்தப் பருவம் என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிடுவோம். ஈஸ்ட் பெங்கால் லீகின் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. மூன்றாம் தோல்வியோடு குவாட்ராட் விலகினார். பின்வரிசையைப் பற்றி வங்கியார் மடக்கிய விரல்கள் வீண்போகவில்லை. நவம்பர் 9 அன்று முகமதனுடன் ஆடியபோது முதற்பாதியிலேயே இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற - அவர்களுள் நம் நந்தகுமாரும் ஒருவர் - எஞ்சிய ஒன்பது பேருடன் கோலின்றிச் சமன் செய்து முதல் புள்ளியைப் பெற்றது. முடிவில் ஒன்பதாமிடம். முகமதன் கடைசியிடம். மோகன் பகான் ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது; 2025 ஏப்ரல் 12 அன்று பெங்களூருக்கு எதிரான இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் அந்த மக்லாரன்தான். ஆகஸ்டு 17 அன்று டூரண்டு காலிறுதியில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என வென்று சிறிது ஆறுதல் கண்டது.

ஆனால் அதற்குள் வேறொரு இடி விழுந்திருந்தது. 2025 ஜூலையில், லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில், வரும் பருவம் நிறுத்தி வைக்கப்படுகின்றது என்னும் அறிவிப்பு வந்தது. நூறாண்டுக்கு மேலாக வாதிட்டு வந்தவர்களின் முன் வாதிடுவதற்குப் பருவமே இல்லாது போயிற்று. அணிகள் வலிமையாயினும் மெலிவாயினும், அட்டவணை வேண்டுமல்லவா? ரசிகரின் பேச்சுக்கு விலையில்லை என்று கருதுவோர்தாம் பருவத்தை ஒப்பந்தத் தாளாகப் பார்ப்பர். டிக்கெட் விற்பனைக்கு மட்டும் ரசிகரை நினைவுகூரும் கழக நிர்வாகங்களும், கூட்டமைப்பும், அந்தத் தேநீர்க் கடைப் பலகையில் ஒரு மாலை அமர்ந்து கேட்டிருப்பின், எதனைத் தள்ளி வைக்கின்றோம் என்பதை உணர்ந்திருப்பர்.

திங்கள்கள் பல கழிந்து, 2026 பிப்ரவரியில் சுருங்கிய அளவில் லீக் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. அச்செய்தி வந்த இரவில் நண்பர் மீண்டும் அழைத்தார். கடையில் கூட்டமாம். வங்கியார் முழங்காலில் கட்டுடன் வந்துவிட்டாராம். ஆட்டங்கள் குறைவாதலால் தொடக்கத்தில் தடுமாறும் அணி மீளவே முடியாது என்று அவர் சொல்ல, அப்படியாயின் இம்முறை தடுமாறப்போவது யார் என்று அச்சகத்தார் கேட்டாராம். தேநீர் ஆற்றும் இளைஞர், 'தாதா, எங்கள் அணியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுங்கள்' என்றாராம். இம்முறை இருவரும் சிரிக்காமல் அவருக்கு இடம்விட்டு நகர்ந்து அமர்ந்தார்களாம்.